எழில்வழியில் இரண்டு ழகரம்

வடமாலபேட்டை அருகே சாலையோரம் பைக்கை நிறுத்திவிட்டு, சென்னை லாரிகளின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி என் சகலை கத்திக்கொண்டிருந்தார்: "இசட் சார், இசட்! ஜீப்ராவுக்கு வர்ற இசட். அப்புறம் ஹெச். ஹைதராபாத்துக்கு வர்ற ஹெச். ஆமா சார், ரெண்டு தபா வரும்." பின்னால் உட்கார்ந்து நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அவர் போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க தமிழுக்கு என் தொண்டைதான் வாடகைண்ணா" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் வசதி படித்தவனுக்கு மட்டும் உண்டு.

அவர் என் மனைவியின் தங்கை கணவர். திருப்பதியில் இணையதளங்களுக்கு இடம் விற்றுக்கொண்டிருந்தார். இடம் அவருடையது அல்ல. எங்கோ இருக்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் கணினிகளில் மொத்தமாக வாங்கி, லாட்ஜ்காரர்களுக்கும், நகரியில் சேலை விற்பவர்களுக்கும், சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கும் பிரித்துக் கொடுப்பார். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இணையத்தில் யாராவது ஒரு லாட்ஜின் முகவரியைத் தட்டினால், அந்தத் தளம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று சொல்ல ஒரு வழிகாட்டி வேண்டும். அதற்கு நேம்சர்வர் என்று பெயர். அந்த வழிகாட்டி பெரிய நிறுவனத்தின் பெயரில் இருந்தால் வாடிக்கையாளர் நம்மை விட்டுவிட்டு நேரே அங்கே போய்விடுவார். ஆகவே நம் பெயரிலேயே நேம்சர்வர் வைத்துக்கொள்ள வேண்டும். குடியிருப்பது வாடகை வீடு, வாசலில் தொங்குவது நம் பெயர்ப்பலகை. வாடிக்கையாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தன் முகவரியை வாங்கிய இடத்தில் நம் நேம்சர்வரின் பெயரைப் பிழையில்லாமல் எழுதிவிட வேண்டும். முறைக்கு இரண்டு நேம்சர்வர் கேட்பார்கள். ஒன்று வேலை செய்யும், மற்றொன்று கணக்குக்கு இருக்கும். எங்கள் கூட்டு வியாபாரமும் அப்படித்தான். அவர் முதலாவது, நான் இரண்டாவது. எனக்குச் சித்தூரில் கல்லூரி நூலகர் வேலை இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது. அவருக்கு இது ஒன்றுதான் சோறு.

பெயர் வைக்கும் பொறுப்பு மட்டும் என்னிடம் வந்தது. "பாலாஜின்னு வச்சிக்கினு போலாம்ண்ணா, ஊரே அப்டித்தான் பொழைக்குது" என்றார் சகலை. திருப்பதியில் பாலாஜி என்று பெயரில்லாத பஞ்சர் கடை இருந்தால் காட்டு, பார்க்கலாம் என்று கேலி செய்தேன். நான்கு நாள் யோசித்து 'எழில்வழி' என்று அறிவித்தேன். வழி காட்டுவதற்கு 'வழி', அது அழகாக இருக்க 'எழில்'. இரண்டு ழகரம். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு முறை இசட்டும் ஹெச்சும் வரும். வாங்கப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தெலுங்குக்காரர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்ததை வேறு எந்தச் சொல்லால் சொல்வது? தமிழ்ப்பற்று என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

ஒருவர் 'எஜில்வஜி' என்று எழுதினார். ஒருவர் 'எடில்வடி'. மாம்பழக்கூழ்காரர் 'எலில்வலி' என்று எழுதிவிட்டு, தன் தளம் ஏன் திறக்கவில்லை என்று நாள் முழுக்கச் சகலையைத் திட்டினார். இதையெல்லாம் நான் மாமியார் வீட்டுப் பந்தியில் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குவேன். ஒரு பொங்கலன்று சகலை என்னைத் தனியே அழைத்தார். "அண்ணா, பேர மாத்திடலாம். ஒவ்வொருத்தன் கைல கால்ல வுழுந்து நானே மாத்த வைக்கிறேன். நீங்க ஊம்னு ஒரு வார்த்த சொன்னா போதும்." பெயர் என் கணக்கில் பதிவாகியிருந்தது. "ழ தெரியாதவனுக்கு எதுக்கு வெப்சைட்டு?" என்றேன். அவர் சிரித்தார். நல்ல நகைச்சுவைதான், இப்போதும் சொல்கிறேன்.

பிரம்மோற்சவத்துக்கு முந்தைய வாரம் அவருடைய பெரிய வாடிக்கையாளர், ஒரு லாட்ஜ் முதலாளி, தன் தளத்தை எங்களிடம் மாற்றினார். அவருடைய மேனேஜர் எங்கள் நேம்சர்வர் பெயரை எழுதியதில் ஒரு ஹெச் விட்டுப்போய்விட்டது. தளம் திறக்கவில்லை என்று போன் வந்தபோது, "ரெண்டு நாள் ஆவும் சார், மாத்துனது எல்லா ஊருக்கும் மெதுவாத்தான் பரவும்" என்று சகலை சொன்னார். இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் சொல்வதுதான், பெரும்பாலும் உண்மையும்கூட. அதனால் யாரும் எழுத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது கொடியேறியிருந்தது. ஊரில் மற்ற லாட்ஜ்களில் எல்லாம் அறைகள் நிரம்பிவிட்டன. இவருடையது இணையத்தில் எங்கேயும் இல்லை.

மன்னிப்புக் கேட்க நானும் கூடப் போனேன். முதலாளி எங்களை உட்காரச் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதியிருந்த பெயரை விரலால் தட்டி, "ஈ பேரு எவரு பெட்டாரு?" என்றார். இந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்கிறார். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். இருந்தும் சுவரில் இருந்த காலண்டரில் ஏகாதசி என்றைக்கு வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். "நேனே சார்" என்றார் சகலை. நான்தான் சார். அந்த முதலாளி எங்களை விட்டுப் போனார். அவரைப் பார்த்து மற்ற லாட்ஜ்காரர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அடுத்த கோடைக்குள் சூளூர்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சகலை வேலை தேடிக்கொண்டார். மிச்சமிருந்த வாடிக்கையாளர்களை என்னிடம் ஒப்படைக்கப் புத்தூர் மாமியார் வீட்டுக்கு மடிக்கணினியுடன் வந்தார்.

திரையில் எங்கள் பெயருக்குக் கீழே, வழக்குக்கு வந்த சாட்சிகள்போலக் கோணல்மாணலாக வேறு ஐந்து பெயர்கள் நின்றன. "இதெல்லாம் இன்னா சகல?" என்றேன்.

"லாட்ஜ் விஷயத்துக்கு அப்புறம் வாங்கிப் போட்டேண்ணா. தப்பா எழுதறவன நிறுத்த முடியாது. அதான் தப்பையே நம்ம பேர்ல வாங்கிட்டேன். இதுங்களும் நம்ம மிஷினையே காட்டும். எப்டி எழுதினாலும் சைட்டு தொறக்கும்."

போன் அழைப்புகள் திடீரென்று நின்றுபோனது நினைவுக்கு வந்தது. ஊர் ஒருவழியாக ழகரம் கற்றுக்கொண்டது என்று நான் ஒரு கட்டுரைகூட எழுதியிருந்தேன்.

"எஜில்வஜி, கல்யாண மண்டபத்து ரெட்டிகாரு. எலில்வலி, நம்ம மாங்கா சேட்டு." அவர் குரலை மாற்றி மாற்றி நடித்தார். நான் சிரித்தேன். ஹெச் விட்டுப்போன பெயர் வந்ததும் நடிக்காமல் அடுத்ததற்குப் போனார். கடைசிப் பெயரில் முதல் ழகரம் ஒழுங்காக இருந்தது. இரண்டாவதில் ஹெச் முன்னாலும் இசட் பின்னாலும் நின்றன.

"இது எந்த மேதாவி?"

"பெரிய எழுத்தாளரு. சித்தூர்ல இருக்கிறாரு. நீங்க பாத்திருப்பீங்க, கண்ணாடில."

என் கட்டுரைகளைப் போட நான் வைத்திருக்கும் தளம். யார் உதவியும் வேண்டாம் என்று, நேம்சர்வர் பெயர் உட்பட எல்லாவற்றையும் நானே எழுதி அமைத்தது. அது ஒரு வாரம் திறக்காமல் கிடந்து தானாகச் சரியானபோது, எல்லா ஊருக்கும் பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்பவே திருத்திடறேன்" என்று மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தொடாதீங்கண்ணா. ஓடிக்கினு இருக்குது, வுடுங்க. திருத்தறேன்னு வேற மாதிரி தப்பா எழுதுவீங்க. அத்த வாங்கிப் போட இனிமே நான் இங்க இருக்க மாட்டேன்."

மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார். சகலை உடனே எழுந்து போனார். பந்தியில் அன்றும் என்னிடம் எலில்வலிக் கதையைக் கேட்டார்கள்.