தண்ணி லாரி கம்ப்யூட்டர்

பேய் பிசாசுன்னு யாராச்சும் பேச ஆரமிச்சா எழுந்து போயி ஒரு டீ குடிச்சிட்டு வர்ற ஆளு நான். அம்பத்தூர் எஸ்டேட்ல தகடு வளைக்கிற வேலை எனக்கு, கைக்கு அகப்படுறத மட்டும்தான் நம்புவேன். இப்ப நான் சொல்லப்போறத கேட்டுட்டு நீங்களும் டீ குடிக்கப் போனா கோச்சிக்க மாட்டேன் சார், ஆனா முழுசா கேட்டுட்டுப் போங்க.

எங்க அக்கா ஊடு நூம்பல்ங்கற ஊர்ல. அவ வீட்டுக்காரர் பாபு மாமாவுக்கு சொந்தமா ஒரு தண்ணி லாரி, அதுதான் அந்த வீட்டுக்கே சோறு. பொண்ணு நிவி காலேஜ் சேந்தா, கம்ப்யூட்டர் வேணும்னா. கடையில பாத்ததெல்லாம் கறுப்பு டப்பாவா இருக்கு, எனக்கு அப்பா லாரி மாரியே ஒரு பெட்டி செஞ்சு அதுக்குள்ள எல்லாத்தையும் வச்சுக் குடு மாமான்னு கேட்டா. சும்மா கேட்டாளோ என்னவோ, எனக்குக் கிறுக்கு புடிச்சிடுச்சு. அலுமினியத் தகட்ட உருட்டி டேங்க் பண்ணேன், போர்டும் ஃபேனும் அதுக்குள்ள, பவர் சப்ளை முன்னாடி கேபின்ல. மாமா வண்டிக்கு அடிச்ச பெயின்ட்ல மிச்சம் இருந்ததையே அடிச்சு, அதே நம்பர் பிளேட்டும் எழுதிட்டேன். நிஜ வண்டியில பத்துல ஒரு பங்கு, ஒரு போல்ட்டு கூட விடல. சக்கரம் மட்டும் சுத்தக்கூடாதுன்னு ஸ்குரூ போட்டு, மேல பசையும் ஊத்தி இறுக்கிட்டேன், மேஜை மேல நிக்கிற சாமான் உருண்டு வுழுந்தா என்னாகும்?

முடிச்சு எடுத்துக்கினு போன அன்னிக்கு மத்தியானம் மாமா ஊட்ல இல்ல. வெய்யக் காலம், தண்ணி லாரிக்காரனுக்கு சோறு துன்ன நேரம் ஏது. அக்கா பெட்டிய சுத்திச் சுத்திப் பாத்தா, உள்ள போயி குங்குமமும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கினு வந்து நிக்கிறா.

"இன்னாக்கா இது?"

"சக்கரம் கீதுல்ல? நம்பர் கீதுல்ல? அப்ப வண்டிதான்டா. புது வண்டிக்குப் பூஜை போடாம எப்பிடி?"

எனக்கு சிரிப்பு தாங்கல. ஆனாலும் பூ வச்சோம், சூடம் காட்டினோம், முன் சக்கரத்துக்கு முன்னாடி எலுமிச்சம்பழத்த வச்சோம். பழத்து மேல வண்டிய ஏத்தணும்ல, ஓட்டறதுக்கு ஆளு எங்கன்னு நிவி கேட்டா. நான் வாய வச்சுக்கினு சும்மா இருந்திருக்கணும், குனிஞ்சு அந்தக் குட்டி கேபின் ஜன்னல்ல வாய வச்சு, "பாபு மாமா, வண்டிய எடு!"ன்னு கத்தினேன். மூணு பேரும் வுழுந்து வுழுந்து சிரிச்சோம்.

பெட்டி நகந்துச்சு சார். நம்புனா நம்புங்க, பசை ஊத்தி இறுக்கின சக்கரம் சுத்துது. அதுவும் முன்னாடி இல்ல, பழத்த விட்டுட்டுப் பின்னாடி போவுது, மேஜை ஓரத்துக்கு. நான் பாஞ்சு பின் விளிம்பப் புடிச்சேன், கட்டைவிரல் பின்பக்கம், மத்த விரல் பக்கவாட்டுல. புடிச்சதும் திக்குனு ஆயிடுச்சு. நானே ஒத்தக் கையால தூக்கிக்கினு வந்த பெட்டி அது, இப்ப என் தோள்பட்டையே கழண்டு வந்துடும் போல தள்ளுது. காலு வழுக்குது, பல்லக் கடிச்சுக்கினு நிக்கிறேன், தகடு என் விரலுக்கு அடியில அமுங்குறது தெரியுது.

அக்கா சிரிப்ப நிறுத்தல. "போதும் விடுடா, ரொம்பதான் நடிக்கிற"ன்னா. நிவியும் விடு மாமான்னு என் கையப் புடிச்சு இழுத்தா. எனக்கு வாயத் தொறந்து பதில் சொல்ல மூச்சு இல்ல. விட்டுடலாம்னுதான் தோணுச்சு, நெசமா சொல்றேன், கை அப்பிடி வலிச்சுது. ஏன் விடலன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது.

அப்புறம் திடீர்னு கனம் போயிடுச்சு. லேசா நிக்குது பெட்டி, சக்கரம் பழையபடி இறுகிக் கிடக்கு, தள்ளிப் பாத்தா சுத்தல. அதுக்குள்ள அக்கா போன் அடிக்குது.

எடுத்தவ முகம் வெளுத்துடுச்சு. வேலப்பன்சாவடி பக்கம் போர்ல தண்ணி புடிச்சிட்டு, மாமா சரிவுல வண்டிய நிறுத்தி, வால்வுல ஒழுவுதுன்னு பின்னாடி அடியில பூந்திருக்காரு. சக்கரத்துக்கு முட்டு வச்ச கல்லு நழுவிடுச்சு. ரொம்புன லாரி.

பைக்க எப்பிடி ஓட்டுனேன்னு தெரியல. போயி பாத்தா மாமா தரையில உக்காந்துகினு சோடாவ கையில வச்சுக்கினு இருக்காரு, குடிக்கத் தெரியாம. உடம்புல ஒரு கீறல் இல்ல. என்னப் பாத்ததும் அந்த ஆம்பள அழுதுட்டாரு.

"டேய் பிரபு, சக்கரம் என் நெஞ்சாண்ட வந்துடுச்சுடா. அப்பிடியே நின்னுது. யாரோ புடிச்சு நிறுத்தினா மாரி. பசங்க வந்து என்ன இழுத்து வெளிய போட்டு, கல்ல வச்சு முட்டுக் குடுக்குற வரைக்கும் நின்னுதுடா."

மெதுவா வண்டிக்குப் பின்னாடி போனேன். டேங்க்கோட பின்பக்கம் ஒரு குழி, சோத்துத் தட்டு அளவுக்கு, இரும்பு உள்ள அமுங்கி இருக்கு. பக்கவாட்டுல வரிசையா மூணு குழி. நாலாவது இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இல்ல, வழுவழுன்னு இருக்கு. எனக்கு வலது கை சுண்டுவிரல் பாதிதான் சார், தகடு அமுக்குற பிரஸ் மிஷின்ல மாட்டிப் போனது. மாமாகிட்ட சொன்னேன், அவரு என் கையையே பாத்துக்கினு இருந்தாரு. டிங்கரிங் கடைக்கு அந்த வண்டிய அவரு இன்னும் விடல, குழி அப்பிடியே கீது, வந்தா காட்டுறேன்.

நிவி அந்தக் கம்ப்யூட்டர்லதான் படிக்கிறா. அதை யாரும் நகத்தறது இல்ல. போன மாசம் ஃபேன்ல தூசி அடைச்சு சூடேறி அணைஞ்சு போவுதுன்னு என்னக் கூப்ட்டா. நான் மொதல்ல மாமாவுக்குப் போனப் போட்டேன், வண்டி எங்க நிக்குது, பக்கத்துல யாராச்சும் கீறாங்களான்னு. காட்டுப்பாக்கத்துல காலி வண்டியா நிக்குது, நான் எறங்கி மரத்தடியில நிக்கிறேன், நீ வேலையப் பாருன்னாரு. போன ஸ்பீக்கர்ல வச்சிட்டு, பின் தகட்டக் கழட்டி, பெயின்ட் பிரஷ்ஷ மெதுவா உள்ள விட்டு ஒரு தடவ தட்டுனேன். ரெண்டாவது தடவ தட்டறதுக்குள்ள மாமா குரல், ரொம்பத் தாழ்ந்து வருது.

"டேய், காலி டேங்க் உள்ள யாரோ தொடப்பத்தால பெருக்குறாங்கடா."

பிரஷ்ஷ வெளிய எடுத்தேன்.

"நின்னுடுச்சு"ன்னாரு.

அவ்ளோதான் சார். தகட்ட மூடிட்டு வந்துட்டேன். ஃபேன் இப்பவும் கத்திக்கினுதான் ஓடுது, ஓடட்டும். என் கை இனிமே அது மேல படாது.