மாப்பிள்ளையின் பின்சக்கரம்

நெடுமாறன் என்ற பெயரைக் குஞ்சம்மா முதன்முதலில் கேட்டது குரும்பகரத்தில், தன் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு நடந்த அன்று. ஊரே கூடியிருக்கிற நேரமாகப் பார்த்து, சத்தம் போட முடியாத இடமாகவும் பார்த்து, மகள் இனியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, வரிச்சிக்குடி அமுதம் மகன் நெடுமாறன். துறைமுகத்துல லாரிக்கு எடை போடுற எடத்துல வேலை. அவரத்தான் கட்டிக்கப் போறேன்."

அமுதம் யாரென்று குஞ்சம்மா யோசிக்க வேண்டியதில்லை. கொழுந்தனாரின் சகலைக்கு ஒன்றுவிட்ட தங்கை. மூன்று பிள்ளைகளில் கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு இடது கால் விழுந்துபோனதும் தெரியும்.

"அந்த இளம்பிள்ளை வாதம் வந்த புள்ளையா?"

"கால் மட்டுந்தான் சூம்பியிருக்கு. மத்ததெல்லாம் ஒன்னவிட நேராத்தான் இருக்கு."

கல்யாணம் நடந்தது. குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாப்பிள்ளை துறைமுகம் இருக்கும் கீழவாஞ்சூருக்குச் சைக்கிளில் போய் வருகிறான் என்றதும் குஞ்சம்மா நம்பவில்லை. சாதாரண சைக்கிள் அவனுக்கு ஆகாது. வலது கால் ஒரு மிதி மிதித்து இறங்கியதும் அடுத்த மிதி இடது காலுடையது. அது மிதிக்காது. பெடல் அங்கேயே நின்றுவிடும். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருக்கும் மதார் சாகிப்தான் அதற்கு ஒரு வழி செய்தார். பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் பல்சக்கரம், மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியாகச் சுற்றவிடும் பிரீவீல், அதை வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டார். அதன் பிறகு சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். மிதிக்காமல் சும்மா உருட்டிக்கொண்டு போக முடியாது. சுற்றுகிற பெடல் வராத காலையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும். நிறுத்த வேண்டுமானால் பெடலைப் பின்னுக்கு அமுக்க வேண்டும். ஆறு வருஷம் அப்படி ஓட்டியதில், குச்சியாக இருந்த காலில் கொஞ்சம் சதைகூடப் பிடித்திருந்தது.

போன ஐப்பசி மழையில், அரசலாற்றுப் பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் ஒரு வேன் நின்றுவிட்டது. நெடுமாறன் பெடலைப் பின்னுக்கு அமுக்கினான். வெல்டிங் வைத்த பல்சக்கரம் திருகுப் புரியிலிருந்து கழன்று வந்துவிட்டது. பெடல் வெறுமனே சுற்றியது. முன்பிரேக் ஈரத்தில் பிடிக்கவில்லை. வேனின் முதுகில் மோதிக் காரை எலும்பு முறிந்து, இரண்டு மாதம் வீட்டில் கிடந்தான்.

அவன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் குஞ்சம்மா நெல் மூட்டையோடும் ஒரு விண்ணப்பத் தாளோடும் வரிச்சிக்குடிக்கு வந்து இறங்கினாள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கத்தில் மூன்று சக்கர ஸ்கூட்டர் கொடுக்கிறார்கள்.

"கையெழுத்துப் போடுங்க மாப்பிள்ளை."

"அத்தை, அதுல போனா ரெண்டே வருஷத்துல இந்தக் கால் மரக்கட்டையாயிடும். தெரபி டாக்டரம்மாவே சொன்னாங்க."

"கால் கட்டையானாலும் ஆளு இருப்பீங்கல்ல."

அவன் தாளை மடித்து அவளிடமே நீட்டினான். கையெழுத்துப் போடவில்லை. மாமியாரும் மருமகனும் நான்கு நாள் இனியா மூலமாகப் பேசிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் பிரான்சிலிருந்து புரூனோ வந்தான். நெடுமாறனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். வரும்போது நெடுமாறனின் சைக்கிளுக்கு ஹப் வாங்கி வந்திருக்கிறான் என்று இனியா சொன்னாள். சக்கரத்தின் நடுவில் கம்பியெல்லாம் போய்ச் சேரும் உருளைதான் ஹப். ஒரு கறவை மாட்டு விலையாம். மதார் சாகிப்பைப் பார்த்து, இந்தச் சக்கரத்தை நீங்கள் கட்டித் தரக்கூடாது என்று சொல்லிவிட்டு வரலாமென்று குஞ்சம்மா அப்போதே பஸ் ஏறினாள்.

அவளுக்கு முன்பே நெடுமாறனும் புரூனோவும் கடையில் இருந்தார்கள். ஒரு துண்டின் மேல் இரண்டு ஜோடி ஹப். ஒன்று சிவப்பு, தீப்பெட்டி மாதிரி லேசு. மற்றது வெள்ளி நிறம், குண்டு.

"வாங்க அத்தை, நீங்களே கேளுங்க," என்றான் புரூனோ. "கம்பி மாட்ட எத்தன துளைன்னு கேட்டதுக்கு, முன்னால முப்பத்திரண்டு பின்னால நாப்பதுன்னு எழுதி அனுப்பிட்டான் இவன். கடைக்காரன் என்னை ஏற எறங்கப் பாக்குறான்."

"நம்மூரு சைக்கிளெல்லாம் அப்பிடித்தானடா," என்றான் நெடுமாறன்.

"ஒலகத்துல நம்மூரு சைக்கிள் மட்டுந்தான் இருக்கா? நாப்பது துளை ரெண்டு பேரு மிதிக்கிற சைக்கிளுக்குத்தானாம். ஒரு கெழவர் பழைய அலமாரியிலேருந்து இந்த ரெண்டையும் தேடி எடுத்துக் குடுத்தாரு. செவப்பு பந்தயக்காரங்க போடுறது. ரெண்டுல வேணாங்குறத திருப்பி எடுத்துக்குவாங்க."

நெடுமாறன் சிவப்பின் அச்சைப் பிடித்துச் சுண்டினான். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வெள்ளி, கொஞ்சம் சுற்றி நின்றுவிட்டது. அவன் கை மறுபடி சிவப்புக்கே போனது.

குஞ்சம்மா சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "அன்னைக்குக் கழண்டது எது பாய்?" என்று கேட்டாள்.

மதார் சாகிப் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பு என்னுதுதாம்மா. முன்னால மிதிச்சா இறுகுற புரி, பின்னால அமுக்குனா கழலத்தானே செய்யும். இதுங்க ரெண்டுலயும் பாருங்க, பல்சக்கரத்துக்கு மேல இன்னொரு வளையம் இருக்கு. அதோட புரி எதிர்ப்பக்கம். பல்சக்கரம் கழலப் பாத்தா இது விடாது."

குஞ்சம்மா வளையத்தைத் தானே திருகிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம்தான் இறுகியது.

"உப்புக்காத்து, துறைமுகத்து நிலக்கரித் தூசி, மழைத்தண்ணி. இது எத்தன நாளு தாங்கும்?"

"செவப்பு சீல் வெச்சது. உள்ள தண்ணி போனா அதுக்குன்னு உள்ள பேரிங் வரவழைக்கணும், அழுத்தி ஏத்த மெஷின் வேணும். எங்கிட்ட கெடையாது. வெள்ளிய ரெண்டு ஸ்பேனரால தொறந்துடலாம். உள்ள உருளுற பால்ரஸ் குண்டு நம்ம கடையில கெடைக்கும்."

"எங்க போர் மோட்டாரு மாதிரிதான்," என்றாள் குஞ்சம்மா. "கோயமுத்தூருலேருந்து ஆளு வந்தாத்தான் தொறக்க முடியும்னா, நடவு காஞ்சி போயிடும். மாப்பிள்ளை, எத உங்க கையால நீங்களே தொறந்து பாக்க முடியுமோ அத எடுங்க."

நெடுமாறன் சிவப்பை இன்னொரு முறை சுண்டிவிட்டான். பிறகு அதைத் துண்டில் சுற்றிப் புரூனோவின் பையில் வைத்தான். மதார் சாகிப் வெள்ளி ஹப்பை எடுத்துக்கொண்டு போக்ஸ் கம்பிக்கட்டைப் பிரித்தார். குஞ்சம்மா பையிலிருந்த விண்ணப்பத்தை வெளியே எடுக்கவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றாள். "மொத நாளு நான் பின்னால ஆட்டோவுல வருவேன். பாலத்து எறக்கத்துல நிறுத்திக் காட்டணும்."

"மாமியார் பாதுகாப்போட வேலைக்குப் போறவன் நீ ஒருத்தன்தான்டா," என்றான் புரூனோ.

அடுத்த திங்கட்கிழமை அப்படியே போனார்கள். முன்பிரேக்குக்கும் புதுக் கட்டை போட்டிருந்தது. இறக்கத்தில் பாதி தூரம் வந்ததும் நெடுமாறன் பெடலைப் பின்னுக்கு அமுக்கினான். சக்கரம் கட்டுப்பட்டு, மெதுவாகி, பாலம் முடியும் முன்பே நின்றது. ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். குஞ்சம்மா ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை. போங்க என்று கையைக் காட்டினாள். ஆட்டோக்காரரிடம் பஸ் நிலையத்துக்கு விடச் சொன்னாள்.

நெடுமாறன் இப்போதும் கீழவாஞ்சூரில் அதே எடைமேடையில்தான் வேலை பார்க்கிறான். வரிச்சிக்குடியிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருகிறான்.