தங்கை படுத்த போர்வை

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ‘எலி மாமா’ என்று பெயர் வைத்தவர்கள் அவருடைய தங்கை பிள்ளைகள். அதை அவர் பதவி உயர்வாகவே ஏற்றுக்கொண்டார். இருபத்திரண்டு வருடச் சேவையில் கிடைத்த ஒரே உயர்வு அதுதான்.

அவர் பொறுப்பு, தனிக்கூண்டு அறை. கூண்டுக்கு ஓர் எலி. தனியாக விட்டால் ஓர் உயிர் என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. எலிகளோடு பேசக்கூடாது, தும்மல் வந்தால்கூட வெளியே போய்த்தான் தும்ம வேண்டும். மூன்றாம் வாரம் எலி மூலையில் ஒண்டிக்கொள்ளும். ஐந்தாம் வாரம் துணைக்கு ஒன்றை விட்டால் அதன் கழுத்தைக் கடிக்கும்.

மனைவி இறந்தபின் அதே விதி வீட்டிலும் தானாக அமலுக்கு வந்தது. ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. பால்காரர் மணியடித்தால் எரிந்து விழுவார்; அடிக்காவிட்டால் அதற்கும் விழுவார்.

ஒருநாள் தங்கை வந்து ஜன்னலைத் திறந்தாள். அவ்வளவுதான் குற்றம்.

“யாரைக் கேட்டுத் தொட்டே?” அவள் மணிக்கட்டில் அவருடைய ஐந்து விரலும் பதிந்தன.

தங்கை கையைத் தடவிக்கொண்டாள். “எங்க மாடி அறை காலியா இருக்கு, வந்து இருன்னு சொல்லத்தாண்ணா வந்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிப்போக வருவேன். அதுக்கு மேல இந்தக் கதவைத் தட்டமாட்டேன்.”

மாமாவுக்கு வைத்தியம் தெரியும். இரண்டு எலிகளைச் சேர்க்கும் முன், ஒன்று படுத்த துணியை மற்றதன் கூண்டில் போடுவார். அதன்மேல் சுருண்டு படுத்தால் சேர்க்கலாம். கடித்துக் குதறினால் சேர்க்கவே கூடாது.

மறுநாள் தங்கை வீட்டு வாசலில் நின்றார்.

“நீ போத்திப் படுத்த போர்வை ஒண்ணு குடும்மா. துவைக்காதது.”

“மன்னிப்புக் கேப்பேன்னு பார்த்தா அழுக்குத்துணி கேக்கிறே! சலவைக்கடை வைக்கப்போறியாண்ணா?” சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

அதைக் கட்டிலின் மறுபாதியில் விரித்தார். முதல்நாள் முதுகைக் காட்டிப் படுத்தார். மூன்றாம் நாள் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். சனிக்கிழமை அதன்மேல் தலைவைத்து, பல வருடத்துக்குப் பின் அசந்து தூங்கினார்.

விடிந்து பார்த்தால் போர்வை நார்நாராகக் கிடந்தது. கதவு உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. மாமாவின் பல்லிடுக்கில் நூல்.

கதவு தட்டும் சத்தம். “அண்ணா, நான்தான். பெட்டி கட்டியாச்சா?”

தாழ்ப்பாளில் கை வைத்தார். அவள் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

“இன்னும் ஒரு வாரம் போகட்டும்மா.”

வெளியே செருப்புச் சத்தம் படியிறங்கியது. அது தேய்ந்து மறைகிறவரை மாமா, வந்த தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்.