நாலாவது ஸ்லைடில் கலியமூர்த்தி கழனி

ஸ்லைடு போட்டுப் பேசுற பொழப்புக்கு முதல் எதிரி மத்தியானச் சாப்பாடு. நான் விவசாய ஆபீஸ்ல வேலை பாக்கறேன். பாகூர், நெட்டப்பாக்கம்னு ஊர் ஊரா புரொஜக்டரைத் தூக்கிக்கிட்டுப் போறவ. திரைக்கு முன்னால நின்னு தொண்டைத்தண்ணி வத்தினவங்க யாரா இருந்தாலும் என் சொந்தக்காரங்கதான்.

நாப்பது ஸ்லைடு

ஆரம்பத்துல மேலிடம் குடுத்த நாப்பது ஸ்லைடையும் ஒரு வரி விடாம படிச்சேன். பாகூர்ல ஒரு கல்யாண மண்டபம். இருட்டு, ஃபேன் காத்து, வயித்துல சாம்பார் சாதம். பத்தாவது ஸ்லைடுலயே முன்வரிசை குறட்டை. முடிச்சு லைட்டைப் போட்டதும் ஒருத்தர் எழுந்து கும்பிட்டாரு: "நல்லா தூங்கனேம்மா. வூட்ல இந்த சௌகரியம் இல்ல."

யாரு கழனி?

ரோஷம் வந்துடுச்சு. கரையாம்புத்தூர் கூட்டத்தன்னிக்குக் காலையிலயே போய் அந்த ஊர்க் கழனிங்களையே போன்ல படம் புடிச்சேன். ஆறே ஸ்லைடு. ஒவ்வொண்ணுக்கும் "இது யாரு கழனி?"ன்னு ஒரே கேள்வி. வரப்பை வெச்சே ஆளைச் சொன்னாங்க. ஒருத்தர் கண்ணு மூடல. எனக்குத் தலைகால் புரியல. நாலாவது ஸ்லைடு, புகையான் பூச்சி விழுந்து நடுவுல வட்டமா காஞ்ச நெல்லு. ஓரத்துல நீலக் கதவு போட்ட மோட்டார் கொட்டாய். "நம்ம கலியமூர்த்தியிதுடா"ன்னு மண்டபமே சிரிச்சுது.

கலியமூர்த்தி சிரிக்கல. பக்கத்துல, அவரு பொண்ணுக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளையோட அப்பா. தண்ணிய வடிக்கணும், யூரியாவ நிறுத்தணும்னு அடுத்த ஸ்லைடுல சொல்லத்தான் அதைக் காட்டினேன். அதுக்குள்ள கலியமூர்த்தி எழுந்துட்டாரு. அதைக் கேக்கலன்னா மிச்ச நெல்லும் போயிடும். வாசப்படியில திரும்பிச் சொன்னாரு: "சம்பந்தி எதிர்ல இன்னாத்துக்கும்மா எம் மானத்த வாங்கற?"

மறு கூட்டம்

மறுநாள் அவரு கழனிக்கே போய் மன்னிப்பு கேட்டேன். தண்ணிய மட்டும் வடிச்சுடுங்கன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு, ஆனா மம்மட்டிய எடுத்தாரு.

மூணு வாரம் கழிச்சு அங்கயே இன்னொரு கூட்டம். கலியமூர்த்தி சம்பந்தியக் கையோட கூட்டிக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தாரு. தன் போனை நீட்டினாரு. காஞ்ச வட்டம் ஒரு அடி கூட பரவல. சுத்தி அத்தனையும் கதிர். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, பெருமைதான், வேற இன்னா? அவரு சத்தமாவே சொன்னாரு: "இதையும் பெருசா போடும்மா. அன்னிக்கு சிரிச்ச சனம் மொத்தமும் பாக்கட்டும்."

அடுத்தவன் கழனி எப்படி கீதுன்னு பாக்கற ஆசைதான் அத்தனை பேரையும் முழிக்க வெச்சுது, ஆனா நான் அதை என் திறமைன்னே சொல்லிக்கிட்டுத் திரியறேன்.