மயில் பாயின் பத்து நாள் காவல்

மல்லாங்கிணற்றில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் செய்யது அபுதாஹிர் ஒரு பாட்டில் மருந்து விற்பதற்குள் ஒன்பது கேள்வி கேட்பார். பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட அத்தனை கேட்பதில்லை. என்ன பயிர், என்ன பூச்சி, இலையில் ஓட்டையா, தண்டில் ஓட்டையா. ஒழுங்காகப் பதில் சொன்னால் மருந்து. முழித்தால் கிடையாது. கடையின் ஷட்டரில் எவனோ சாக்பீஸால் ‘மயில் பாய்’ என்று எழுதிவைப்பான். அவர் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பார். மறுநாள் மறுபடி இருக்கும். எழுதியவன் யாரென்று ஊரில் ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

அவர் முன்பு இப்படி இல்லை; அந்தப் பட்டப்பெயரும் அப்போது இல்லை. நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒருவர், எலிக்கு என்று சொல்லி வாடை இல்லாத மருந்து வாங்கிப்போனார். மூன்றாம் நாள் கண்மாய்க் கரையில் பதினோரு மயில்கள் கிடந்தன. ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. அபுதாஹிர் வண்டியை நிறுத்திவிட்டுத் தன் பாட்டில் தண்ணீரை அதன் அலகில் விட்டார். குடிக்கவாவது கழுத்து நிற்க வேண்டுமே. நிற்கவில்லை. பக்கத்தில் சிதறிக் கிடந்த சோளத்தை முகர்ந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லை. அவர் கடைச் சரக்கேதான்.

போன புரட்டாசியில் சங்கிலிமுத்து வந்து கேட்டதும் அதைத்தான்.

“பாய், வாடை இல்லாத மருந்து ஏதும் இருக்கா?”

“எதுக்கு மாப்ள?”

“பூச்சிக்குத்தான்.”

“பூச்சிக்கு வாடை எதுக்குலே பாக்கணும்? அது என்ன பிரியாணியா, மோந்து பாத்துத் திங்க?”

சங்கிலிமுத்து தலையைச் சொறிந்தார். அவருடையது ஒன்றரை ஏக்கர் மானாவாரி. முதல் விதைப்பு மக்காச்சோளத்தை மயில்கள் ஒன்றுவிடாமல் தோண்டித் தின்றுவிட்டன. இரண்டாவது விதைப்பும் போனால் அந்த வருடமே போச்சு. அவர் மனைவி ராமுத்தாய் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். அவர் வாங்கிவந்த சரவெடியைக் கொளுத்தி விரட்டலாம் என்று பார்த்தார்கள். காதுகுத்துக்கும் வெடி, கருமாதிக்கும் வெடி என்கிற ஊரில் பிறந்த மயில் அதற்கா பயப்படும்? ஒவ்வொரு வெடிக்கும் பதிலுக்கு அகவியது. சரம் தீர்ந்த பிறகும் ‘அடுத்தது எங்கே’ என்பதுபோல் இரண்டு தடவை அகவிவிட்டு மேயப் போனது.

“நீங்க தரலேன்னா டவுன்ல வாங்கிக்கிறேன் பாய்.”

“வாங்கு. ஆனா பத்து நாளு திறக்காத. முளை ஒரு சாண் வந்துட்டா மயிலு விதையத் தோண்டாது. அதுவரை நான் காவல் நிக்கேன்.”

“நீங்க நிப்பீகளா? வெயில் பட்டா கறுத்துப்போவீக.”

“இனி எனக்கு யாருலே பொண்ணு குடுக்கப் போறா?”

சங்கிலிமுத்து ஒத்துக்கொண்டார். ஆனால் டவுனில் வாங்கிய மருந்தை மஞ்சப்பையோடு வரப்பு வேப்பமரத்தில் தொங்கவிட்டார். ஒரு உழவுச் சால் விதை போனாலும் அன்றைக்கே பை இறங்கும் என்று பேச்சு.

மயில்கள் மேய இறங்குவது விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும்தான். மயிலுக்கு முன்னால் எழுகிற ஆள் அபுதாஹிர். சுபுஹு தொழுதுவிட்டு நேரே சங்கிலிமுத்துவின் காட்டுக்குப் போவார், வெயில் ஏறியதும் கடைக்கு வருவார், சாயந்திரம் மறுபடி காடு. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தகரத்தைத் தட்டியபடி அறுபது வயது மனிதர் ஓடுவதைப் பார்க்க வரப்பில் கூட்டம் உட்கார்ந்தது. ராமுத்தாய் சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் வெட்டிப் போட்ட பளபளத் தாள் நறுக்குகளை ஒரு சாக்கு கேட்டுவாங்கிவந்து கயிற்றில் கட்டினார். காற்றில் அவை சரசரவென்று மின்னியபோது மயில்கள் முதல்முறையாக யோசித்தன.

ஆறாம் நாள் அபுதாஹிருக்குக் காய்ச்சல். அவர் மனைவி சபுரா, வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தகரத்தோடு கிளம்பினார். துப்பட்டியைப் பார்த்ததும் மயில்கள் விழுந்தடித்து ஓடின. ஆனால் வழி தெரியாமல் அவர் சுற்றிவந்து சேர்வதற்குள் முக்கால் சால் விதை போயிருந்தது.

சங்கிலிமுத்து வந்தார். குழிகளைப் பார்த்தார். வேப்பமரத்துப் பையைப் பார்த்தார். சபுரா ஓலைக் கொட்டானில் மிச்சமிருந்த விதையை எடுத்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு குழியாகப் போட்டு மூடினார். மூன்றாவது குழியில் கைவைக்கும்போது எதிர்முனையில் சங்கிலிமுத்தும் உட்கார்ந்திருந்தார்.

“உங்களக் கண்டா என்னக்கா இந்த ஓட்டம் ஓடுது?”

“முப்பது வருசமா அந்த மனுசனையே விரட்டுறேன். மயிலு எம்மாத்திரம்?”

பை இறங்கவில்லை.

பத்தாம் நாள், மறுபடி ஊன்றிய அந்த முக்கால் சாலைத் தவிர, முளை ஒரு சாணுக்கு நின்றது. தை மாதம் சங்கிலிமுத்து அவித்த கதிர்களைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கல்லா மேசையில் வைத்தார். பக்கத்தில் மஞ்சப்பை. மருந்து பாட்டிலில் மூடி திறக்காமல் இருந்தது.

“அக்காவுக்கும் குடுங்க. பெரிய கதிரு அவுகளுக்கு.”

“எனக்கு?”

“உங்களுக்குச் சின்னது. காய்ச்சல்ல படுத்துட்டீகள்ல.”

அபுதாஹிர் பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கதிரைக் கடிக்கும்போது முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவித்த கதிர் அப்படியொன்றும் காரமில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் காலை ஷட்டரில் ‘மயில் பாய்’ சாக்பீஸில் இல்லை. நல்ல நீலப் பெயிண்டில், கொஞ்சம் கோணலாக, அடியில் ஒரு தோகையோடு இருந்தது. அபுதாஹிர் ஈரத்துணியோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எழுத்தைச் சுற்றியிருந்த தூசியை மட்டும் துடைத்துவிட்டுக் கடையைத் திறந்தார்.