மூன்று டிஸ்கும் ஒரு கிண்ணம் சந்தனமும்

சென்ற மாதம் புதிய போன் வாங்கினேன். வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே, பழையதில் இருந்த அனைத்தையும் பொறுமையாக நகலெடுத்துப் பத்திரப்படுத்தினேன். எங்கே பத்திரப்படுத்தினேன் என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பழைய போனிலேயே. அதற்குள் 'பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, எல்லாவற்றையும் அதில் போட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் மலை ஊரான தானா ராத்தாவில், போன் கடையில் இருந்த பெண், "அங்கிள், பேக்கப் எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டாள். "அதெல்லாம் போன வாரமே முடிச்சாச்சு" என்றேன், பரீட்சை முடிவதற்கு அரை மணி நேரம் முன்பே பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்துபோகும் மாணவனைப் போல. அவள் பழைய போனில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டாள். பத்து வருடக் குடும்பப் படங்கள், கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரியைக் கடித்துவிட்டு முகம் சுளிக்கும் மனைவி, பாதி எழுதிய ஏழு கட்டுரைகள், எல்லாம் போயின. மலையேறிவிட்டன என்று சொல்லவும் வழியில்லை. நாங்கள் இருப்பதே மலைமேல்.

உலகத்தில் எத்தனையோ பேருக்கு இப்படி ஆகிறது என்று மனைவியிடம் சமாதானம் சொன்னேன். ஆனால் ஒரே மனிதனுக்கு இரண்டு தடவை ஆவது கொஞ்சம் அதிகம். முதல் தடவை எனக்கு வயது பதினொன்று.

அப்போது நாங்கள் தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். அப்பா தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மாலையில் கோயில் கமிட்டிக்குச் செயலாளர். கோயில் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம்: அன்றைய பூசையும் அன்னதானமும் அவர்கள் பொறுப்பு, அன்றைய மாலையும் மரியாதையும் அவர்களுக்கு. எந்த நாள் யாருக்கு என்பது தாத்தாக்கள் காலத்திலேயே முடிவாகிப்போனது. தாத்தாக்கள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தை மலையின் ஈரம் பூஞ்சையாகத் தின்றுவிட, மிஞ்சியதை அப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். எங்களுக்கு மூன்றாம் நாள். அம்மா வருடம் முழுவதும் அந்த ஒரு நாளுக்காகவே ஒரு பட்டுப்புடவையை மடித்து வைத்திருப்பார்.

அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர், கீழ் லயத்து வரிசை வீடுகளில் தனியாக இருந்த கொழுந்து வெட்டும் பெரியம்மா. வேறு தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கூட்டிவந்த கணவர் எப்போதோ போய்விட்டார். ஒவ்வொரு வருடமும் ஒரு கட்டுக் கீரையோடு எங்கள் வாசலுக்கு வந்து, ஒரே ஒரு நாள் தனக்கும் கிடைக்குமா என்று அப்பாவைக் கேட்பார். "லிஸ்டுல இடம் இல்லையேம்மா" என்பார் அப்பா. கீரை மட்டும் எங்கள் வீட்டில் இருக்கும். அன்று இரவு அப்பா அதைத் தொடமாட்டார். அவருக்குக் கீரை பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் ஈப்போவிலிருந்து சித்தப்பா புதுக் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தவர். அவர் வாயில் எல்லாமே அஞ்சு நிமிஷ வேலை. அவர் தொட்ட எதுவும் மூன்று நாளுக்குள் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

"அண்ணே, பழசுக்குள்ள இருக்குறத மட்டும் டிஸ்குல ஏத்திக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

அப்பா எச்சரிக்கையான மனிதர். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று மூன்று பிளாப்பி டிஸ்கில் மூன்று நகல் எடுத்தார். மூன்றையும் என் கையில் கொடுத்து, "பத்திரமா ஒரு எடத்துல வைடா" என்றார். அந்த 'ஒரு எடத்துல' என்பதில்தான் எல்லாம் கெட்டது.

மறுநாள் ஆயுத பூசை. எங்கள் வீட்டில் கவாத்துக் கத்தியில் தொடங்கி அப்பாவின் மோட்டார் சைக்கிள் வரைக்கும் பொட்டு வைத்துக்கொள்ளாத பொருளே கிடையாது. வீட்டிலேயே பத்திரமான இடம் சாமி மேடை. டிஸ்குகளை அங்கே தட்டில் வைத்தேன். வைத்தபின் ஒரு சந்தேகம் வந்தது. வெளியில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். அப்பாவின் பட்டியல் உள்ளே இருக்கிறது. மேலோட்டுக்குப் பொட்டு வைத்து என்ன பயன்? டிஸ்கின் தகரக் கதவை நகர்த்தினேன். கறுப்பாக, பளபளப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அதன்மேல் நல்ல கெட்டியான சந்தனமும், நடுவில் குங்குமமும் வைத்தேன். மூன்றுக்கும் வைத்தேன். ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதை விடுவது முறையில்லை அல்லவா?

பூசை முடிந்ததும் சித்தப்பா பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் சுத்தமாகத் துடைத்து, அதைத் தோட்டத்துப் பாலர் பள்ளிக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். பிறகுதான் முதல் டிஸ்கைப் புதியதில் செருகினார். ஏதோ அரைபடும் சத்தம். இரண்டாவதைச் செருகினார். மூன்றாவதையும் செருகியபோது கம்ப்யூட்டரிலிருந்து கோயில் வாசனை வந்தது.

"என்னடா இது, சந்தனம் மணக்குது?"

சொன்னேன். அழுதுகொண்டே, பெருமையை முழுக்க விடாமல் சொன்னேன்.

"அண்ணே! ஒங்க மவன் டிஸ்குக்கு அபிஷேகம் பண்ணிட்டான்ணே!" என்று சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் அடிக்குத் தயாராகக் கண்ணை மூடினேன். அடி விழவில்லை. அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அடியே தேவலை என்று ஆனது. டிவியில் நெஞ்சு வலி வருபவர்கள் அப்படித்தான் அழுத்திக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். அப்பா எழுந்து, "டிஸ்கு மூணும் கெட்டுப்போச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் அவர் பேசத் தேவையும் இருக்கவில்லை.

"ஏன், லிஸ்டு எதுக்கு? அஞ்சாம் நாள் எங்களுது லா! எங்க தாத்தா காலத்துலேருந்து!" என்றார் மேல் லயத்து மாமா.

"ஒங்க தாத்தா வந்து எறங்குறப்ப எங்க தாத்தா ரெண்டு திருவிழா முடிச்சிட்டாரு!" என்றார் அவர் சம்பந்தி.

தேர் நாளுக்கு மட்டும் ஏழு குடும்பங்கள் சொந்தம் கொண்டாடின. ஒரு நாற்காலி விழுந்தது. இத்தனையும் என் சந்தனத்தால். அப்பாவோ அடிக்கொரு தரம் நெஞ்சைத் தொட்டுக்கொண்டே இருந்தார். சாமியைப் பார்த்து, இவர் இங்கேயே விழுந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

சத்தம் தானாகக் களைத்ததும் அப்பா சொன்னார்: "சாமிகிட்டயே விட்டுருவோம். வேணுங்கறவங்க எல்லாரு பேரையும் எழுதிச் சொம்புல போடுவோம். கொழந்த எடுக்கட்டும்."

திருவுளச்சீட்டை யார் மறுப்பது? அப்பா பெயர்களை எழுதினார். முடிக்கும் முன் தலையைத் தூக்கி, கடைசித் தூணருகே நின்ற பெரியம்மாவைப் பார்த்து, "ஒங்க பேரும் எழுதியாச்சும்மா" என்றார். குழந்தை என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். குற்றவாளியின் கையாலேயே தீர்ப்பு. பத்துச் சீட்டு எடுத்தேன். ஒன்பதாம் நாள் பெரியம்மாவுக்கு விழுந்தது. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டுப் பெயர் சொம்பிலேயே தங்கிவிட்டது.

அம்மா ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. அப்பாவுக்கு மட்டும் அன்று மாலையோடு நெஞ்சு வலி நின்றுவிட்டது. என் வேண்டுதல் பலித்ததாக நினைத்து நான் அதற்கு ஒரு தேங்காய்கூட உடைத்தேன்.

போனில் இருந்ததெல்லாம் தொலைந்த கதையை, சென்ற வாரம் தானா ராத்தாவில் இருக்கும் பெற்றோர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். "அன்னைக்கு அப்பாவோட லிஸ்டத் தொலைச்சேன், இன்னைக்கு என்னோடத" என்று வழக்கம்போல என்னையே கிண்டலடித்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எந்த லிஸ்டு தொலைஞ்சிச்சு? பூசைக்கு முந்தின நாளே ஒங்கப்பா ஆபீசுல பிரிண்ட் எடுத்துட்டாரு. சட்டப் பைக்குள்ள நாலா மடிச்சு வெச்சிருந்தாரு. கூட்டம் முடிஞ்சு துவைக்கப் போட்டப்ப நான்தான எடுத்தேன்!"

அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு மெதுவாக நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருடமும் நான் அழித்ததாக நினைத்தது அழிவே இல்லை. "அப்ப, பெரியம்மாவுக்கு அந்த நாள் கெடைச்சதுக்குக் காரணம்..."

"நீ ஒன்னும் கிழிக்கல," என்றார் அம்மா. "நீ பூசலன்னா அவரே டிஸ்குல தேத்தண்ணிய ஊத்தியிருப்பாரு. அந்தப் பேப்பரு இப்பவும் என் பீரோவுலதான் இருக்கு. ஒன் போட்டோ எங்க இருக்கு?"