நல்ல கட்டி

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிறவள் தமிழ்ச்செல்வி. மகள் கனிஷ்கா பிறந்தபோதே முதுகெலும்பின் அடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. பிறந்த வாரமே சேலத்தில் அறுத்தெடுத்தார்கள். சோதித்துப் பார்த்து, புற்று இல்லை, நல்ல கட்டிதான் என்றும் சொன்னார்கள். ஆனால் மிச்சம் மீதி எங்காவது ஒட்டியிருந்து கெட்டதாக மாறலாம், மூன்று வயது முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டில் மற்றவர்களுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

ஒன்பது முறை போய் வந்தாள். விடிகாலை பஸ், இடுப்பில் பிள்ளை, ஊசியைக் கண்டதும் அது போடும் கூச்சல், மத்தியானம் வரை பெஞ்சு. ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்றே சீட்டு வந்தது. லீவு கேட்டால் பண்ணை சூப்பர்வைசர் முகத்தைச் சுளிப்பான். மாமியார் சென்னியம்மாளுக்கோ ஊர் வாய்க்குத்தான் பயம். உண்மையைச் சொன்னால் தமிழ்ச்செல்விக்கே போதும் போதும் என்றாகிவிட்டது.

பத்தாவது முறைக்கு முந்தின நாள் கணவன் முருகானந்தம் சலித்துக்கொண்டான். "நல்ல கட்டின்னு எழுதியே குடுத்துட்டாங்க. பொட்டப்புள்ளைக்குச் சீக்காளின்னு பேர் வாங்கிக் குடுக்காம உடமாட்டியா புள்ள?"

"முட்டையுந்தானுங்க பாத்தா நல்லாத்தான் இருக்குது. ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாத்தாத்தானுங்க கீறல் தெரியுது," என்றாள். வாதாடத் தெம்பில்லாமல் வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மறுநாள் பஸ் ஏறிவிட்டாள்.

இந்த முறை ரத்தத்தில் கட்டியைக் காட்டும் எண் ஏறியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே சுண்டைக்காய் அளவில் ஒன்று. "கெட்டதா மாறியிருக்கும்மா. ஆனா சரியான நேரத்துல வந்துட்டீங்க, மருந்துக்குக் கேக்கும்," என்று டாக்டர் அவளைப் பாராட்டவே செய்தார். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

வராந்தாவில் நின்று கணவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "நீ சொன்னதுதான் புள்ள சரியாப் போச்சு," என்றான் அவன்.

தமிழ்ச்செல்விக்கு அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க சொன்னது சரியாப் போவோணும்னுதானுங்க நான் இத்தன தடவை போனேன்."